பின்னறைக் கழிப்பறையில் ஆரஞ்சுக் கறை

என் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இருவரும் நலம், அங்கே நீங்கள் மூவரும் நலமா என்றுதான் எப்போதும்போல ஆரம்பித்தேன், 'நலம்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எடுத்திருக்கிறேன். பதறாதே. உயிருக்கு ஒன்றும் இல்லை, நான் நன்றாக இருக்கிறேன், அப்பாவும் இப்போது தேறிவிட்டார். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் நீ நேராகக் கடைசி வரிக்குத் தாவிவிடுவாய், சின்ன வயதில் கதைப் புத்தகத்தையே அப்படித்தானே படிப்பாய். ஆனால் மூன்று வாரமாக எனக்குத் தலை கிறுகிறுத்துக் கிடக்கிறது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதிரிலேயே நிற்கிறேன், பொங்கி வழிந்த பிறகுதான் தெரிகிறது. வாண்டு உட்கார ஆரம்பித்துவிட்டாளா? ஏழு மாதம் முடிந்துவிட்டதே. மாப்பிள்ளைக்கு முதுகுவலி குறைந்ததா? நாற்காலியை மாற்றச் சொல், நான் சொன்னால் கேட்க மாட்டார், நீ சொன்னாலும் கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்.

இவ்வளவு பேசுகிற அம்மா போனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நீ கேட்பாய். போனில் வாய் திறக்க மாட்டேன் என்று அப்பாவிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். கடிதத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் வாண்டை முதல் தடவையாகக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று டிக்கெட் எல்லாம் எடுத்துவிட்டு நீ பேசினாயே, அப்போது அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, இங்க செப்டிக் டேங்க் நாத்தம் தாங்கல, பச்சக் குழந்தையத் தூக்கிக்கிட்டு வராதே, வந்தா நான் கூட்டிட்டுப் போகக்கூட வரமாட்டேன் என்று சொல்லி வைத்தாரே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பேத்தியைவிட சாக்கடை பெரிசாப் போச்சாப்பா என்று கேட்டு நீ அழுதாய். அன்றோடு அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாய். நானும் உன் பக்கம்தான், மூன்று மாதமாக மனிதரை வறுத்தெடுத்துவிட்டேன். ஏனென்றால் அன்றைக்குத் தொட்டியில் ஒரு நாற்றமும் இல்லை, பாப்பா. சுத்தப் பொய். அது எனக்கு அன்றே தெரியும், உன்னிடம் சொன்னால் சண்டை முற்றிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். எதற்காகப் பொய் சொன்னார் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

இந்தத் தொட்டி நீ அங்கே போன பிறகு போட்டது, உனக்குத் தெரியாது. நம் தெருவுக்குச் சாக்கடைக் குழாய் வரவில்லை என்பதால் கொல்லையில் புதைத்தார்கள். நான் அதை மூடி போட்ட பெரிய குழி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம். உள்ளே வரிசையாக மூன்று அறை. முதல் அறையில் கனமானது அடியில் தங்கிவிடும். இரண்டாவது அறைக்குள் ஒரு காற்று மோட்டார் இரவு பகலாகக் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும், மீன் தொட்டியில் குமிழி வருமே, அது போல. அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு கோடிக்கணக்கில் நல்ல கிருமிகள் அங்கே குடித்தனம் நடத்துகின்றன, நாம் அனுப்புகிற எல்லாவற்றையும் தின்று தீர்க்கின்றன. மூன்றாவது அறையில் தெளிந்து வருகிற தண்ணீர்தான் குளோரின் வில்லையைத் தொட்டுக்கொண்டு போய்ப் பின்னால் புல்லுக்குத் தெளிக்கிறது. ஐந்து மாதத்துக்கு முன்னால் அப்பா திடீரென்று, காத்து மோட்டார் சத்தம் சரியில்ல, பக்கத்துல இருந்து கேக்கணும் என்று சொல்லித் தலையணையைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குக் குடிபோய்விட்டார். சாப்பாடும் அங்கேயே, தனித் தட்டு. வீட்டுக்குள் வந்தால் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டுதான் வருவார், கேட்டால் நாற்றமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பத்திரண்டு வருடம் என்னோடு இருந்துவிட்டு இப்போது ஒரு மோட்டாரோடு வாழப் போய்விட்டீர்களா என்று கேட்டேன். மனிதர் சிரிக்கக்கூட இல்லை. டிரைவிங் ஸ்கூலில் கார் சொல்லிக்கொடுக்கவும் போகவில்லை, பிரேக்கை மிதித்து மிதித்து முழங்கால் போய்விட்டது என்றார், அதையும் நம்பினேன்.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன், வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன். பின்னறையை ஒட்டிய சின்னக் கழிப்பறையில் ஒரு கறை பிடிக்க ஆரம்பித்தது. ஆரஞ்சு நிறம். நான் இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருந்தவள், கறை என்றால் எனக்குச் சும்மா இருக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். தண்ணீரில் இரும்பு அதிகம் போலிருக்கிறது என்று நினைத்து தினமும் ப்ளீச்சை ஊற்றித் தேய்ப்பேன், மறுநாள் மறுபடியும் வரும், நான் இன்னும் கொஞ்சம் கூட ஊற்றுவேன். அப்பா கெஞ்சுவார், விடு, நானே கழுவிக்கிறேன், நீ உள்ள வராதே என்று. நீங்கள் கழுவிய லட்சணம் தெரியாதா என்று அவரை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போவேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தொட்டிக்கு மேலே இருக்கிற சிவப்பு விளக்கு எரிந்து பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. கதவைத் திறந்தால் குடலைப் புரட்டுகிற நாற்றம், நிஜமாகவே. அப்பாவுடைய வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது என்று எனக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. தொட்டி மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். இந்தத் தெருவில் அவருக்கு மோப்பக்காரர் என்று பெயர், மூடியைத் திறந்து ஒரு தடவை மூச்சை இழுத்தால் போதும், முந்தின நாள் என்ன சமைத்தாய் என்றுகூடச் சொல்லிவிடுவார் என்பார்கள். வந்தார், மூடியைத் திறந்தார், அவர் முகமே மாறிவிட்டது. இரண்டாவது அறையிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மொண்டு மதில் மேல் வைத்தார். அரை மணி நேரம் யாரும் தொடக் கூடாதாம். நல்ல தொட்டி என்றால் பழுப்பாக அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்து நிற்க வேண்டும். நம்முடையது பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி சாம்பல் நிறத்தில் அப்படியே நின்றது, படியவும் இல்லை, தெளியவும் இல்லை. அக்கா, உள்ள ஒரு உயிரும் இல்ல என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உயிரா, எந்த உயிர் என்று கேட்டபோதுதான் அந்த மூன்று அறைக் கதையை எல்லாம் சொன்னார். என்ன ஊத்துறீங்க என்று கேட்டார். நான் பெருமையாகப் போய் ப்ளீச் கேன்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தேன். மனிதர் அப்படியே மதிலோரம் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் மட்டும் குளோரின் போடுகிறீர்களே என்று நானும் விடாமல் கேட்டேன். அது கடைசி வாசல்லக்கா, எல்லாம் தின்னு முடிச்சு வெளிய போற தண்ணிக்கு, நீங்க சமையக்கட்டுலயே விஷத்தை ஊத்தியிருக்கீங்க என்றார். சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று நினைத்து, நமக்காக உழைத்த கோடி ஜீவனைக் கொன்று வைத்திருக்கிறேன், பாப்பா.

அதோடு முடிந்திருந்தால் நான் கடிதம் எழுதவே வேண்டியதில்லை. மோப்பக்காரர் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, ப்ளீச் மட்டும் இவ்வளவு பண்ணுமான்னு யோசனையா இருக்குக்கா, வீட்ல யாராச்சும் மாசக்கணக்கா கிருமி கொல்ற மாத்திரை சாப்பிடுறாங்களா, அதுவும் இங்கதான வந்து சேரும் என்று கேட்டார். யாரும் இல்லப்பா, நாங்க ரெண்டு பேரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கோம் என்றேன். பக்கத்தில் அப்பா தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணி மோட்டார நிறுத்திட்டு வரேன் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். தண்ணீர் மோட்டார் ஓடவே இல்லை. அந்த நிமிஷம்தான் எனக்கு அந்த ஆரஞ்சு நிறம் மண்டைக்குள் வந்தது. அந்த நிறத்தை நான் இருபத்திரண்டு வருடம் பார்த்திருக்கிறேன், பாப்பா. எட்டாம் வார்டு துணி. தலையணை உறையில் வேர்வைகூட அந்த நிறத்தில்தான் இருக்கும், காசநோய் மாத்திரை போடுகிறவர்களுக்குச் சிறுநீரும் அப்படித்தான் போகும், தனிக் கூடையில் வரும், புதிதாகச் சேருகிற பெண்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். ஊரார் கறையை எல்லாம் தூரத்திலிருந்தே சொன்னவள், சொந்த வீட்டுக் கறையை இரும்பு என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பின்னறைக்கு ஓடினேன். அலமாரியில் இல்லை, தலையணைக்கு அடியில் இல்லை. காற்று மோட்டாருக்கு மாற்று வடிகட்டி வாங்கி வைத்த அட்டைப் பெட்டி ஒன்று இருக்கிறது, மோட்டார் சாமான் என்றால் நான் தொட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அதைத் திறந்தேன். அட்டை அட்டையாக அந்தச் செங்கல் நிற மாத்திரை. அப்பா கதவோரம் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றார், வாயில் துணி.

நான் கத்தின கத்தலில் மோப்பக்காரர் கொல்லையிலிருந்து ஓடிவந்துவிட்டார். டிபியா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினார். எத்தனை நாளாக? ஐந்து மாதம். பாவி மனுஷா, என்கிட்ட சொல்றதுக்கு என்ன என்று மார்பிலேயே குத்தப் போனேன், அப்போதும் பின்னால் தள்ளித் தள்ளிப் போகிறார், கிட்ட வராதே, கிட்ட வராதே என்று. பிறகுதான் சொன்னார். உன்கிட்ட சொன்னா அடுத்த நிமிஷம் அவகிட்ட சொல்லிடுவ. அவ சும்மா இருப்பாளா, பச்சக் குழந்தையத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துடுவா. ரெண்டாம் மாசம் சளியைப் பாத்துட்டு இன்னும் கிருமி இருக்குன்னு டாக்டர் சொன்னாரு, அந்த வாரம்தான் அவ டிக்கெட் எடுத்தேன்னு போன் பண்ணுறா. நான் வேற என்ன செய்ய? என்னைத் திட்டிக்கிட்டாவது அங்கேயே இருக்கட்டும்னு நினைச்சேன். அப்படிச் சொன்னார், பாப்பா. நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இந்த மனிதரையா மூன்று மாதம் நாக்கில் போட்டு அரைத்தேன் என்று நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. காரில் பிள்ளைகளோடு கதவை மூடிக்கொண்டு உட்கார முடியாது என்றுதான் வேலையையும் விட்டிருக்கிறார், முழங்கால் எல்லாம் கட்டுக்கதை.

மறுநாளே என்னையும் பரிசோதிக்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த நர்ஸ் என்னைப் பார்த்து, நீங்க எப்பம்மா ஊர்லேருந்து வந்தீங்க என்று கேட்டாள். வீட்டில் இருப்பவர்களையும் பரிசோதிக்கக் கூட்டி வரச் சொன்னதற்கு இவர், மனைவி ஊரில் இல்லை, மகளோடு போய் இருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்! அந்த இடத்திலேயே அவரை ஒரு பிடி பிடித்தேன், வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் இருமலை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மார்பு எக்ஸ்ரே, ரத்தம் எல்லாம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. அப்பாவுக்குப் போன மாதமும் இந்த மாதமும் பார்த்ததில் சளியில் கிருமி இல்லை, இனி யாருக்கும் தொற்றாது, மாத்திரையை மட்டும் பாதியில் விடாமல் முடிக்க வேண்டும் என்று டாக்டரம்மா என் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். குழந்தை வரலாமா என்று மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் தாராளமாக என்றார்கள். அப்பாதான் நம்பாமல், வாயில் கட்டின துணியை அவிழ்க்க மாட்டேன் என்றார்.

தொட்டியையும் சரிசெய்தோம். மோப்பக்காரர் எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, தெருக்கோடித் தையல்காரர் வீட்டுத் தொட்டியிலிருந்து நல்ல உயிருள்ள பழுப்புத் தண்ணீரை நாலு வாளி கொண்டுவந்து ஊற்றினார். அடுத்த வீட்டுக் கழிவை நம் வீட்டில் ஊற்றினதற்கு நான் நன்றி வேறு சொன்னேன், என் நிலைமையைப் பார். ப்ளீச் கேன்களை அவரே தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்பா மாத்திரையை முடிக்கும்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து பார்ப்பாராம். நேற்று வந்து மறுபடியும் பாட்டிலில் மொண்டு மதில் மேல் வைத்தார். அப்பா அந்த அரை மணி நேரமும் அசையாமல் அதன் எதிரிலேயே நின்றார். பழுப்பாக அடியில் படிந்தது, மேலே தெளிந்தது. அந்தப் பாட்டிலை அப்படியே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, நான் காய் நறுக்குகிற மேசையில் வைத்தார். கருமம், எதை எங்கே வைக்கிறீர்கள் என்று கத்தினேன். அவர் காதில் வாங்கவே இல்லை. நாத்தம் போயிடுச்சுன்னு அவகிட்ட சொல்லிடு என்றார். அதைச் சொல்லும்போது அவர் வாயில் துணி இல்லை. ஐந்து மாதத்துக்குப் பிறகு அவருடைய முழு முகத்தையும் அப்போதுதான் பார்த்தேன், கன்னம் ஒட்டிப்போய்விட்டது, பாப்பா.

சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன். வா.

நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் நோய்நொடி அண்டாமல், ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைக்காமல் நூறு வருடம் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, வாண்டைத் துடைக்கிற அந்த ஈரத் தாளை இங்கே கழிப்பறையில் போட்டுவிடாதே, அது கரையாதாம், தொட்டிக்கு ஆகாதாம். அப்பாவே வாசலில் நின்று சொல்வார், முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொள்.

ப்ளீச்சை விட்டொழித்த
உன் அம்மா