டெஸ்ஸா சரிவு சிவந்த வருடம்

அன்பு மகள் டெஸ்ஸாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, ரெமோ அண்ணன், நான் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை கேலமும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். நியூசிலாந்தில் இப்போது திராட்சைக்கொடி துளிர்த்திருக்கும், பனி விழுந்து துளிர் கருகிவிடுமோ என்று நீங்கள் தூக்கம் கெட்டு அலைவீர்கள். இங்கே இலை கொட்டி முடிந்து இனி எல்லோரும் தூங்கலாம் என்கிற காலம், ஆனால் நம் வீட்டில் மட்டும் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாலே அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், "கொடியெல்லாம் எப்படிம்மா இருக்கு?" என்று நீ கேட்டு முடிப்பதற்குள் "சூப்பரா இருக்கு" என்று அவரே பதிலும் சொல்லிவிடுகிறார், நானும் அசடு மாதிரி தலையாட்டிவிட்டு மழையைப் பற்றிப் பேசுகிறேன். அதனால்தான் கடிதம். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். கிழவர் தோட்டம் இந்த வருடமும் நம்மைக் கைவிடவில்லை. உன் கொள்ளுத்தாத்தா நட்ட அந்தக் குட்டைக் கொடிகள் எல்லாம் முதுகு வலிக்காரர்கள் மாதிரி வளைந்து நிற்கின்றனவே தவிர, ஜின்ஃபண்டெல் திராட்சைக் குலை ஒவ்வொன்றும் கையில் எடுத்தால் கனத்தது, பழம் வாசலுக்கு வந்ததுமே வாசனை வீட்டுக்குள் வந்துவிட்டது. காட்டுப்பன்றிகள் ஓடைப்பக்கம் வேலியை முட்டி உடைத்துக்கொண்டு உள்ளே வந்து இரண்டு வரிசையைக் காலி செய்துவிட்டுப் போயின, போகட்டும், அவையும் நல்ல ருசி தெரிந்தவை. ரெமோ முழங்காலைப் பீப்பாயில் இடித்துக்கொண்டு நொண்டுகிறான், டாக்டரிடம் போடா என்றால் "அறுவடை முடியட்டும்மா" என்றான், அது முடிந்தது, இப்போது "நண்டு சீசன் முடியட்டும்மா" என்கிறான், அந்தக் கால் இவனுக்காக எத்தனை நாள் காத்திருக்குமோ தெரியவில்லை. நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. அப்பா அதைப் போட்டுக்கொண்டு படுக்கிறார், துவைக்கத் தரமாட்டேன் என்கிறார்.

இனி உன் சரிவு, உன் பேரைச் சுமக்கிற அந்த மலைத்தோட்டம். டெஸ்ஸா சரிவில் இந்த ஆகஸ்ட்டிலேயே இலை சிவக்க ஆரம்பித்தது. நரம்பு மட்டும் பச்சையாக, நடுவெல்லாம் ரத்தச் சிவப்பாக, ஓரம் கீழ்ப்பக்கமாகச் சுருண்டு. இதைப் படித்ததுமே உனக்குப் புரிந்திருக்கும், நீ இதே தொழிலில் இருப்பவள். எனக்குத்தான் புரியவில்லை. ஒயின் ருசி பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாக மேலே பார்த்து, "ஐயோ, என்ன அழகுங்க இது!" என்று போனை எடுத்துக்கொண்டு ஓடினார்கள், ஒரு கல்யாணப்பெண் வெள்ளை உடுப்போடு ஏறிப்போய் வரிசைகளுக்கு நடுவில் நின்று அரைநாள் படம் பிடித்துக்கொண்டாள், நானும் பெருமையாக அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா மட்டும் வெளியிலேயே வரவில்லை. என்ன எலியோ என்று அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, உங்கள் மகள் தோட்டத்துக்கு இவ்வளவு கிராக்கி, வந்து நின்று பாருங்களேன் என்று கேலி செய்தேன், "தலைய வலிக்குது" என்று போய்ப் படுத்துக்கொண்டார். அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

ரெமோதான் விவசாய ஆலோசகரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்தம்மா இலையையும் தண்டையும் வெட்டிச் சோதனைக்கு அனுப்பினாள், இலைச்சுருள் நோய் என்று பதில் வந்தது. மருந்து கிடையாது, கொடி உடனே சாகவும் சாகாது, பழத்தில் சர்க்கரை ஏறாமல் சப்பென்று நின்றுவிடும், மாவுப்பூச்சி அதைப் பக்கத்துக் கொடிக்குத் தூக்கிக்கொண்டு போகும், ஒரே வழி வேரோடு பிடுங்குவது என்றாள். ஒட்டுக்குச்சி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். "எங்கயும் வாங்கலம்மா, நாந்தான் எங்கயோ போனப்ப ஆசப்பட்டு வெட்டிட்டு வந்தேன், கிழட்டுப் புத்தி" என்றார். நர்சரியில் சோதித்துத் தராத குச்சியை ஒட்டாதே என்று இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் ஓதுகிற மனுஷர், ஒரு வெளியாள் முன்னால், மகன் முன்னால் இப்படி வாய் கூசாமல் பொய் சொன்னார். கண்ணு, கடற்கரைப் பக்கம் நீ முதல் வேலைக்குப் போன இடத்திலிருந்து ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தாயே, அந்தச் சிரா என்கிற கறுப்புத் திராட்சைக் குச்சிகள்தான். அந்த வாரம் முழுக்க நீங்கள் இரண்டு பேரும் சரிவில் அப்போதிருந்த வெள்ளைத் திராட்சைக் கொடிகளின் தலையைச் சீவிவிட்டு அந்தக் குச்சிகளைச் சொருகி நாடா சுற்றினீர்கள், சாப்பிடக் கூப்பிட்டால்கூட இறங்கி வரவில்லை. அதற்குள் நோய் ஒளிந்திருந்தது கண்ணுக்குத் தெரிகிற விஷயமா. தெரிந்திருந்தால் நீ கொண்டு வந்திருப்பாயா. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, இதைப் படித்துவிட்டு நீ அழுதுகொண்டு உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வரும்.

சரி, நோய் என்று தெரிந்தது, பிடுங்க வேண்டியதுதானே என்பாய். அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. எல்லாத் தோட்டமும் பறித்து முடித்த பிறகும் உன் சரிவை மட்டும் விட்டு வைத்தார், இனிப்பு ஏறும் ஏறும் என்று தினமும் ஏறிப்போய் ஒரு பழத்தை வாயில் போட்டுப் பார்த்தார், கடைசியில் மழை வந்துவிட்டது, நனைந்த பழத்தைத்தான் பறித்தோம். அதைத் தனித் தொட்டியில் போட்டுத் தனியாகப் புளிக்கவைத்துத் தனிப் பீப்பாயில் ஊற்றினார். எல்லாம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் காப்பிக் கோப்பை விளையாட்டு. நிறம் தெரியாமல் பழைய கறுப்புக் கோப்பைகளில் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் ஒரு வாய் ஊற்றி வைத்து, எது எந்தத் தோட்டம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். நான் எப்போதும் தப்பாகச் சொல்லி எல்லோரும் சிரிப்பீர்களே, இந்தத் தடவை நான்தான் முதலில் சொன்னேன், இது கிழவர் தோட்டம் என்று. அடுத்த கோப்பையைக் குடித்தேன், அதுவும் கிழவர் தோட்டம் மாதிரித்தான் இருந்தது. எனக்கு வயதாகிவிட்டது போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே ரெமோவிடம் கொடுத்தேன். அவன் இரண்டையும் குடித்தான், மறுபடி குடித்தான், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தான், அவர் போலென்டா சோளக்களியைக் கிளறுகிற சாக்கில் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உன் ஒயின் தண்ணீராக இருந்ததால் அதில் கிழவர் தோட்டத்து ஒயினை ஊற்றி வைத்திருக்கிறார் டெஸ்ஸா. உன் அப்பா. ஒரு தோட்டத்துப் புட்டியில் இன்னொரு தோட்டத்தைக் கலப்பது களவு மாதிரி என்று சொல்லி உங்களை வளர்த்தவர், நான் தினமும் வருகிறவர்களிடம் இந்த வீட்டில் புட்டிமேல் எந்த மண்ணின் பேர் இருக்கிறதோ உள்ளேயும் அந்த மண்தான் இருக்கும் என்று மார்தட்டிக்கொள்வது அவரிடம் கேட்டுப் பழகியதுதான். ரெமோ கத்திவிட்டான். "ஒரு சொட்டு ரெண்டு சொட்டுன்னா சட்டமே விட்டுடும்ப்பா, நீங்க குடத்தையே கவுத்திருக்கீங்க, இதுல அவ பேர ஒட்டுனா அவளுக்கே அவமானம்" என்றான். "அவ பேர்ல இந்த வருஷம் புட்டி இல்லன்னா அவ கேப்பாடா, என்ன சொல்லுவ?" என்றார் அப்பா. "உண்மையச் சொல்லுங்க" என்று அவன் எழுந்து போய்விட்டான், போலென்டா அப்படியே ஆறிப்போனது. இரண்டு வாரமாக இரண்டு பேரும் நாய் மூலமாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். "டேய் ப்ரூனோ, ட்ராக்டர் சாவி எங்கன்னு உங்க எஜமான்ட்ட கேளு" என்கிறான் இவன், அது பாவம் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறது.

அந்தப் பீப்பாயைப் பேர் போடாத சாதா ஒயினாக விற்றுவிடலாம், அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் வேறு. உன் சரிவுக்கும் கிழவர் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு மண்பாதைதான். அதன் ஓரத்தில் கிழவர் தோட்டத்துக் கொடிகள் சிலவற்றில் இலை சிவந்திருப்பதைப் பார்த்து ரெமோ அடையாளத்துக்கு நீல நாடா கட்டி வைத்தான், மறுநாள் ஒன்றையும் காணோம். காற்றில் போயிருக்கும் என்றார் அப்பா. துணி துவைக்கும்போது அவர் சட்டைப் பையிலிருந்து நீல நாடா சுருள் சுருளாக வந்தது. எனக்கு முதலில் கோபம், பிறகு வாஷிங் மெஷின் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். ரெமோ சொல்வது நியாயம், அவனுக்கும் பிள்ளைகள் வரும், அவர்கள் கைக்கு அந்தத் தோட்டம் போக வேண்டாமா. இந்தக் குளிர் முடிந்து துளிர் விடுவதற்குள் பிடுங்காவிட்டால் பூச்சி மறுபடி நடக்க ஆரம்பித்துவிடும், அப்புறம் கிழவர் தோட்டத்தையும் ஒவ்வொரு வரிசையாகப் பறிகொடுக்க வேண்டியதுதான்.

நாடாவை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அப்பா உன் சரிவின் உச்சியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்ன மனுஷர் நீங்கள், உங்கள் தாத்தா நட்டதைவிடவா இது பெரிது என்று சத்தம் போட்டேன். நாடாவை என் கையிலிருந்து வாங்கி மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "இதப் புடுங்கிட்டா அவ வர்றதுக்கு இங்க என்ன இருக்கு நோரீன்?" என்றார். ஏன், நாம் இல்லையா என்று கேட்டேன். "நாமளா? நம்மள ஞாயித்துக்கிழம போன்லயே பாத்துக்கறாளே" என்றார். கோபித்துக்கொள்ளாதே, நீ வராததைக் குத்திக் காட்டவில்லை. உன் அறுவடை ஒரு பருவம், எங்கள் அறுவடை ஒரு பருவம், நடுவில் ஒரு சமுத்திரம், எனக்குத் தெரியாதா. ஆனால் அவர் மனதில் நீ என்றால் அந்தச் சரிவு. நீ போன பிறகு அவர் கவாத்து செய்ய வேறு ஆளை அங்கே விட்டதே இல்லை.

அதனால் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்ததும் என்னிடம் பேசாதே, போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல். பிடுங்குங்கள் என்று நீயே சொல். "உங்க இஷ்டம்ப்பா" என்று மட்டும் சொல்லிவிடாதே, அதைப் பிடுங்காதே என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். குச்சி கொண்டுவந்தது நான்தான் என்று ரெமோவிடமும் சொல்லிவிடு, அப்பன் தலையில் அந்தப் பழி கிடக்க வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அந்த மலை மொட்டையாகக் கிடந்தாலும் நீ அவரைப் பார்க்க வருவாய் என்று அவருக்கு விளங்கும்படி ஏதாவது சொல். பொய்யாகச் சொல்லாதே. வர முடியாது என்றால் முடியாது என்றே சொல்லிவிடு, இந்த வீட்டில் கலப்படம் ஒரு பீப்பாயோடு போதும்.

இதுவரை நேற்று எழுதினது. மூடி வைக்காமல் படுத்துவிட்டேன், காலையில் எழுந்து வந்தால் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சமையல்கட்டில் உட்கார்ந்து முழுவதையும் படித்துக்கொண்டிருக்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். "நாய் விஷயத்த ஏன் எழுதுன?" என்று மட்டும் கேட்டார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு ஹீல்ட்ஸ்பர்க் டவுனுக்குப் போனார், ரொட்டி வாங்கத்தான் போகிறார் என்று இருந்தேன். மத்தியானம் வந்து ஒரு ஜோடி தோல் கையுறையைக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தார். அவர் கைக்கும் சேராது, என் கைக்கும் சேராது, அவ்வளவு சின்னது. "ஜனவரில அவளுக்கு அங்க வேல கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்னு எழுது. ஒட்டும்போது ரெண்டு பேரும்தான் ஒட்டுனோம், புடுங்க நா மட்டும் தனியா போகமாட்டேன்" என்றார். சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனார், ரெமோவிடம் கொடி பிடுங்குகிற சங்கிலி எங்கேடா என்று அவரே வாய் திறந்து கேட்கிற சத்தம் இங்கே கேட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள், பனிக்குக் காவல் இருக்கும்போது வெறும் காப்பியைக் குடித்தே காலத்தை ஓட்டாதே, ஏதாவது சாப்பிடு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். மாதா உன்னை எந்தக் கரையிலும் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும், நீயும் உன் வீடும் செழித்திருங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே. கையுறையைக் கடிதத்தோடு சேர்த்து உனக்கு அனுப்பிவிடட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன், வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்கிறார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
நோரீன்