அக்காவின் இரண்டாவது வாக்கியம்

மார்ச் 3, செவ்வாய்

ஆங்கில-தமிழ் அகராதி வேலையில் இன்று 'டியர்லி' (dearly) என்ற சொல் என் தலையில் விழுந்தது. அன்பைச் சொன்னால் 'உயிருக்குயிராக'. இழப்பைச் சொன்னால் 'பெரும் விலை கொடுத்து'. பொருள் எழுத ஐந்து நிமிடம். எடுத்துக்காட்டுக்குத்தான் தாவு தீர்ந்தது. எங்கள் அகராதியின் ஆசிரியருக்கு இட்டுக்கட்டிய வாக்கியம் ஆகாது. ஒருவர் தன் வாழ்க்கையிலிருந்து நிஜமாகச் சொன்னதாக இருக்க வேண்டும், சொன்னவர் யார் என்று எடுத்துக்காட்டுச் சீட்டில் குறிக்கவும் வேண்டும்.

மார்ச் 4, புதன்

அக்கா ஐம்பத்திரண்டு வயதில் மாலை ஆங்கில வகுப்புக்குப் போகிறாளே, அவளைப் பிடித்தேன். டியர்லி போட்டு இரண்டு வாக்கியம், ஒன்று பாசத்துக்கு, இன்னொன்று பட்ட இழப்புக்கு, இரண்டும் உண்மையாக இருக்கணும் என்றேன். "உன் ஆபீஸ் வேலைய என் தலையில கட்டுறியா?" என்றாள். ஆனாலும் நோட்டை எடுத்தாள்.

மார்ச் 6, வெள்ளி

முதலாவது வந்துவிட்டது: 'என் தங்கையை நான் டியர்லி நேசிக்கிறேன்.' கண்ணாடியைத் துடைப்பதுபோல் நடித்தேன். இரண்டாவது இடம் காலி. யோசித்து எழுதுகிறாளாம்.

மார்ச் 7, சனி

ஏன் கேட்டுத் தொலைத்தேன்? அப்பா போனதும் பத்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் அவள். கல்லூரிக்குப் போனது நான். அந்தப் படிப்பில்தான் இன்று அகராதி எழுதுகிறேன். வருத்தமா என்று முப்பத்தாறு வருஷமாக அவளிடம் கேட்கத் துணியவில்லை; இப்போது அதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கிறேன். எழுதட்டும், நியாயம்தானே. ஆனா என்னால அதப் படிக்க முடியுமா —

மார்ச் 8, ஞாயிறு

இரண்டாவது வாக்கியம் என்னாயிற்று என்று கேட்கப் போனை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

காலையில் அவள் தையல் கடைக்குப் போனேன். நோட்டை நீட்டினாள். 'மலிவு என்று ஒரு கத்தரிக்கோல் வாங்கினேன், அதற்கு டியர்லி விலை கொடுத்தேன்.' ஒரு மாப்பிள்ளையின் கோட்டுத் துணி முழுக்கப் பாழாம். சிரித்துத் தீர்த்தேன். அந்தச் சிரிப்பின் தைரியத்தில் கேட்டுவிட்டேன், படிப்பை விட்டதை எழுதியிருக்கலாமே என்று.

வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"அதத்தானே மொத வாக்கியத்துல எழுதியிருக்கேன்."

பிறகு அளவு நாடாவை எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். என் அக்காவுக்கு நான் என்ன செய்துவிட்டேன், இப்படி ஒருத்தி எனக்கு வாய்க்க?

மார்ச் 10, செவ்வாய்

இரண்டு சீட்டையும் ஆசிரியர் மாற்றாமல் ஏற்றுக்கொண்டார். சொன்னவர்: தையல்காரர், என் அக்கா.