சுமார் ஐந்து மீட்டர்

நாள் 211, காலை 08:10

யார் கையில் இது கிடைக்குமோ, அவருக்கு. இது சனியின் பனி நிலா, என்சலடஸ். நிலையத்தில் இரண்டு பேர். நான் மெர்சி ஜெபராணி, தூத்துக்குடி, துளைப்புப் பொறியாளர். இன்னொருவர் கோமதிநாயகம், சங்கரன்கோவில், பனி ஆய்வாளர். ஒருவர் எழுதும் பக்கத்தின் அடியில் மற்றவர் ‘சரிபார்த்தேன்’ என்று ஒப்பமிட வேண்டும் என்பது விதி. ஒப்பமில்லாத பக்கத்தை ஆன்டெனா வெளியே அனுப்பாது.

அடுத்த பருவத்துக்கு நிலையத் தலைமைப் பதவி எங்களில் ஒருவருக்குத்தான். இருவரும் விண்ணப்பித்திருக்கிறோம். அதனால் மனிதர் என் பக்கங்களைப் பரீட்சைத் தாள் மாதிரி திருத்துகிறார்.

துளை ஆழம் சுமார் 40 மீட்டர்.

*சரிபார்த்தேன். திருத்தம்: 41.6 மீட்டர். ‘சுமார்’ என்பது ஓர் அளவு அல்ல. – கோமதிநாயகம்*

நாள் 214, பிற்பகல் 14:30

பக்கத்தில் புதிய பிளவு ஒன்று வாய் திறந்திருக்கிறது. அது பீய்ச்சும் நீராவி உறைந்து மூன்று நாளாக எங்கள் தலையில் பனியாக விழுகிறது. கதவைப் பனி மூடிவிட்டது. கூரையில் இருக்கும் ஆன்டெனாவும் புதைந்துவிட்டது.

சரக்குக் கலம் ‘மருதம்’ வந்துகொண்டிருக்கிறது. நாள் 232-க்குள் எங்கள் குரல் கேட்டால் இந்தப் பக்கம் திரும்பி நாள் 240-ல் இறங்கும். கேட்காவிட்டால் நேராக இன்னொரு நிலாவான டைட்டனுக்குப் போய்விடும். காற்றும் சாப்பாடும் நாள் 250 வரை. அதற்குப் பிறகு எழுத ஆள் இருக்காது.

*சரிபார்த்தேன். பிளவின் தூரம் 2.3 கி.மீ. கடைசி வாக்கியம் தேவையற்றது. – கோமதிநாயகம்*

நாள் 219, காலை 09:00

மின்சாரம் ஓர் அறையைச் சூடாக்கத்தான் போதும். இருவரும் அடுப்பறைக்கு வந்துவிட்டோம். அவர் மூலையில் பென்சில்கள் உயர வரிசையில் நிற்கின்றன. என் மூலையில் நேற்றைய டம்ளரும் முந்தாநாள் டம்ளரும்.

நான் கருவாட்டுப் பொடி டப்பாவைத் திறந்தேன். அவர் சுத்த சைவம். “மேடம், அத மூடிருங்க. செத்த மீனுக்கு என்ன இவ்வளவு வாசம்” என்றார். “செத்ததுனாலதான் சார்” என்றேன்.

*சரிபார்த்தேன். டம்ளர்கள் மூன்று. – கோமதிநாயகம்*

நாள் 224, மாலை 17:15

பனி நிற்கவில்லை. டம்ளர்களை அவரே கழுவி வைத்திருந்தார். எதற்கு எல்லாவற்றையும் இப்படி அளந்துகொண்டே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். “அளந்துக்கிட்டே இருந்தா பயம் தெரியாது மேடம்” என்றார். ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால் எனக்குப் பயம் தெரியாது. அதையும் அவரிடம் சொன்னேன்.

இன்று டப்பாவைத் திறந்தே வைக்கச் சொன்னார். ஆள் இருக்கிற வாசமாம்.

எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது. எழுதியாயிற்று. திருத்துவதானால் திருத்தட்டும்.

*சரிபார்த்தேன். திருத்தம் இல்லை. எனக்கும். – கோமதிநாயகம்*

நாள் 228, காலை 11:20

பனி நின்றது. கூரைத் துளை வழியாகக் கம்பியை மேலே செலுத்தினேன். ஐந்தாவது மீட்டரில் கம்பி இலகுவாயிற்று. அதற்கு மேல் வெளிதான். பனி சுமார் 5 மீட்டர்.

வழக்கமாக என்றால் மூன்று இடத்தில் மூன்று தடவை அளக்கச் சொல்லி உயிரை எடுப்பார். இன்று டீ போட்டுக்கொண்டே, “நீ சொன்னா சரி” என்றார். முதல்முறையாக ‘நீ’.

பிறகு குறிப்பேட்டை வாங்கி, வெற்றுப் பக்கங்கள் பன்னிரண்டில் ஒப்பமிட்டார். கலம் வரும் நாள் வரை நாளுக்கு ஒன்று. “இனிமே நீ என்ன எழுதினாலும் எனக்குச் சம்மதம்” என்றார். படித்துப் பார்க்காமல் ஒரு சீட்டில்கூடக் கையெழுத்துப் போடாத ஆள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

*சரிபார்த்தேன். – கோமதிநாயகம்*

நாள் 229

ஆன்டெனாவைக் கழற்றிக்கொண்டு, கூரைத் திறப்பிலிருந்து பனியைத் தோண்டி ஏறி, மேலே நட்டு வர ஒருவர் போக வேண்டும். என் விண்ணுடையின் பேட்டரி இரண்டு மணி நேரம்தான் தாங்கும். அவருடையது நான்கு. உடை அவரவர் உடம்புக்கு வார்த்தது, மாற்றிப் போட முடியாது. ஐந்து மீட்டர் என்றால் ஏறி இறங்க மூன்று மணி நேரம் என்று கணக்குப் போட்டார். 10:05-க்குப் போனார். பேச்சு எல்லாம் ஹெல்மெட் ரேடியோவில்.

11:40 அவர்: “மெர்சி, அஞ்சு வந்துட்டேன். வெளி இல்ல. இங்கன ஒரு பொந்துதான் இருக்கு. அதுக்கு மேல திரும்பவும் பனி.”

11:41 நான்: “இறங்கி வந்துருங்க.”

11:43 அவர்: “இறங்கினா தோண்டினது மூடிரும். பேட்டரிய மறுபடி ஏத்தக் கரண்டு ஏது? இன்னும் சுமார் நாலு இருக்கும்.”

அவர் வாயில் அந்தச் சொல்.

11:44 நான்: “சுமார்னு சொல்லாதீங்க. அளந்து சொல்லுங்க.”

11:44 அவர்: “அளக்க நேரமில்ல மெர்சி.”

13:20 அவர்: “மேல வந்துட்டேன். ஆன்டெனாவ நட்டுட்டேன்.”

13:26 இங்கே ஆன்டெனாவின் பச்சை விளக்கு எரிந்தது.

13:31 அவர்: “சனி தெரியுது. வளையத்தோட. நீ பாத்திருக்கணும்.”

13:50 அவர்: “டீ இருக்கா?”

13:50 நான்: “இருக்கு. வாங்க.”

14:05 பதில் இல்லை.

14:30 பதில் இல்லை.

18:00 பதில் இல்லை.

*சரிபார்த்தேன். – கோமதிநாயகம்*

நாள் 230, காலை 08:00

நேற்றிரவே மருதத்துக்குச் செய்தி போயிற்று. ஒப்பம் இருந்ததால் போயிற்று. மூன்று மணி நேரத்தில் பதில்: “கேட்டுச்சு. திரும்புறோம். ரெண்டு பேரும் தைரியமா இருங்க.”

மூன்று இடத்தில் மூன்று தடவை அளந்தேன். இந்தத் தடவை கம்பி இலகுவான பிறகும் தள்ளினேன். 9.14 மீட்டர்.

ஐந்து என்று எழுதியது நான். பொந்தை வெளி என்று நினைத்தது நான். அவர் எப்போதும்போல் என்னை நம்பாமல் இருந்திருந்தால் இப்போது டம்ளர் கழுவிக்கொண்டிருப்பார்.

*சரிபார்த்தேன். – கோமதிநாயகம்*

நாள் 234, காலை 08:00

உள்ளே 19.2 டிகிரி. டம்ளர்கள் இரண்டு. கழுவி வைத்திருக்கிறேன். அழுகை வரவில்லை. பசியும் இல்லை.

மருதத்திலிருந்து: “ரெண்டு படுக்கை தயார். சாப்பாடு என்ன வேணும்?”

ஒன்று அசைவம், ஒன்று சைவம் என்று அனுப்பினேன்.

தலைமையகத்திலிருந்தும் ஒரு வரி. நிலையத் தலைமைப் பதவி எனக்காம். போட்டி முடிந்தது.

*சரிபார்த்தேன். – கோமதிநாயகம்*

நாள் 240, காலை 07:40

இது பன்னிரண்டாவது பக்கம். இதற்குப் பிறகு ஒப்பமிட்ட பக்கம் இல்லை. ஒன்றுகூட அதிகமாக வைக்கவில்லை மனிதர்.

மருதம் தலைக்கு மேலே வந்துவிட்டது. கேட்கிறார்கள்: “இறங்குகலத்துக்கு எடை பாத்து எரிபொருள் போடணும். எத்தனை பேர் ஏறுறீங்க? ரெண்டு பேர் ஒப்பத்தோட அனுப்புங்க.”

பத்து நாளாக அவர்களிடம் சொல்லவில்லை. இனிச் சொல்லாமல் இருக்க முடியாது. அறையில் இருப்பவரை மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன்.

நிலையத்தில் உயிருடன் இருப்பவர்: ஒருவர்.

*சரிபார்த்தேன். – கோமதிநாயகம்*