மஞ்சள் படகின் அடிப்பாரம்

பிப். 2, ஞாயிறு

காலையில் நல்ல பனி. மாடியில் காயப்போட்ட துணி எல்லாம் ஈரம். முழங்கால் வலி. பனி நாளில் எப்போதும் இப்படித்தான்.

நூர்ஜஹான் காலையிலேயே ராயபுரத்திலிருந்து வந்துவிட்டாள். ஒரு கையில் பாயா தூக்கு, இன்னொரு கையில் போன். உட்காரவே இல்லை.

"ரெண்டு படகு விலைக்கு வந்துகீது ஜெயா. ரெண்டுமே பாய் கட்டுறது. ரெண்டுமே பத்தொம்பது அடி. டிரெய்லர்ல ஏத்தி இஸ்துகினு போலாம். அடிப்பாரம் கீற படகு, டீ!"

கடைசி வார்த்தைக்குத்தான் வந்திருக்கிறாள். நாங்கள் இருவரும் இருபது வயதில் ஒரே படகில் போட்டிக்குப் போனவர்கள். அந்தச் சின்னப் படகில் அடிப்பாரம் கிடையாது. காற்று சாய்த்தால் நாங்கள்தான் விளிம்புக்கு வெளியே மல்லாந்து தொங்கி நிமிர்த்த வேண்டும். எங்கள் உடம்புதான் எடை. மூன்று வருடம் முன்பு எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி என் ஸ்கூட்டியைத் தட்டியதிலிருந்து அதெல்லாம் இல்லை. முழங்காலில் கம்பி. ஸ்கூலில் பி.டி. டீச்சர் வேலை மிச்சம், அதுவும் விசில் ஊதுகிற அளவுக்கு.

படகின் அடியிலேயே எடை இருந்தால் தொங்க வேண்டாம். உட்கார்ந்தே ஓட்டலாம்.

கீழே பிக்கப் வண்டியில் தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டிருந்த பாஸ்கர் காதில் விழுந்துவிட்டது. "தண்ணி பக்கம் போற பேச்சா இருந்தா என்னைக் கேக்காதீங்க." பாயாகூடச் சாப்பிடாமல் கேன் போடுகிற லைனுக்குப் போய்விட்டார்.

நூர்: "உன் வூட்டுக்காரர் இன்னும் பயந்துகினு கீறாரு."

தெரியும்.

பிப். 5, புதன்

வெயில். ஏழாம் வகுப்பு கோ-கோ. விசில் ஊதிக்கொண்டே ஸ்கோர் நோட்டின் பின்பக்கத்தில் கணக்கு.

மஞ்சள்: ராயபுரம் கயிறுக் கடை அண்ணாச்சியுடையது. காகிதப்படி 750 கிலோ. அதற்குள் 250 இரும்பு. கீல் என்கிற அந்த இரும்புத் தகடு படகின் வயிற்றுக்குக் கீழே தொங்கும். ஆழம் குறைந்தால் உள்ளேயிருந்து சுற்றி மேலே தூக்கலாம்.

வெள்ளை: எண்ணூரில், வெளிநாடு போகிற கப்பல் இன்ஜினியர் ஒருவருடையது. காகிதப்படி 500 கி.தான். இரும்பே இல்லை. தண்ணீரில் இறக்கியதும் அடித்தொட்டியில் 300 லிட்டர் ஏற்றிக்கொள்ளும். கரையேறும்போது கொட்டிவிடலாம்.

ஆக மிதக்கும்போது மஞ்சள் 750, வெள்ளை 800. வெள்ளையில் அடிப்பாரம் அதிகம், ரோட்டில் எடை குறைவு. காகிதத்தில் வெள்ளைக்குத்தான் ஜெயம். நூருக்கும் வெள்ளைதான். "நம்ம ரெண்டு பேரே தள்ளி எறக்கிடலாம். யாரையும் கெஞ்ச வேணாம்."

ராத்திரி சாப்பாட்டில் பாஸ்கரிடம் சும்மா சொல்லிப் பார்த்தேன். முன்னூறு லிட்டர் என்றதும் நிமிர்ந்தார். "பதினஞ்சு கேனு. தண்ணிய வெச்சா படகை நிறுத்துவாங்க? அரை கேன் வெச்சாலே வண்டி ஆடுது." தொட்டி முழுசாக நிரம்பினால் உள்ளே ஆடாது என்றேன். "ம்" என்றார். பேச்சு அவ்வளவுதான். ஆனால் எழுந்து போகவில்லை.

ரசப்பொடி, ஷூ லேஸ், மாத்திரை வாங்கணும்.

பிப். 8, சனி

மேகம். பழைய படகில் காகித எடையை நம்பக் கூடாது என்று நூரும் ஒப்புக்கொண்டாள். எடை மேடைக்குக் கொண்டுபோவது என்று முடிவு. யாரோ ஒரு டிரைவரைப் பேசி வைத்திருந்தாள். பாஸ்கர் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நின்றார்.

"வேற எவனாவது ரோட்ல வுட்டுட்டான்னா? நான் இஸ்துகினு வரேன். எடை மட்டும்தான். சொல்லிட்டேன்."

முதலில் மஞ்சள். அண்ணாச்சியின் குடோனில் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே கிடந்தது. மேலே ஒரு விரல் தூசி. நல்ல எலுமிச்சை மஞ்சள்.

அண்ணாச்சி: "என் மவனுக்குன்னு வாங்குனேன் தாயி. அவன் கனடாவுல போயி பனியில சறுக்கிட்டு கெடக்கான். இது இங்கன சும்மா கெடக்கு. தண்ணியில போனாச் சந்தோசம்."

எடை மேடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"லோடு இன்னாக்கா?"

"படகு."

"மீனா?"

"வெறும் படகு."

"வெறும் படகை எதுக்குக்கா எடை போடுற?"

வண்டியைக் கழற்றி டிரெய்லரை மட்டும் மேடையில் நிறுத்தினோம். தகட்டில் அடித்திருந்த டிரெய்லர் எடையைக் கழித்தால் மஞ்சள் 780. கூடுதல் முப்பது நங்கூரமும் பாயும். சரி.

மதியம் எண்ணூர் போய் வெள்ளை. கழித்துப் பார்த்தால் 670. மறுபடி ஏற்றி இறக்கினோம். 670தான். காகிதம் சொன்னதைவிட நூற்று எழுபது அதிகம். உள்ளே நங்கூரம்கூட இல்லை, தொட்டியும் காலி.

நூர் முகம் சுருங்கிவிட்டது. "மேடை பேஜாரு பண்ணுது." மஞ்சளுக்குச் சரியாகக் காட்டிய அதே மேடை.

பிப். 9, ஞாயிறு

இன்று நாங்கள் இருவர் மட்டும். வெள்ளையின் மேல்தளம் முழுக்க ஸ்பூனால் தட்டிப் பார்த்தோம். ஓரத்தில் "டொக் டொக்". பாய்மரக் காலைச் சுற்றி "தொப் தொப்". இரண்டு ஃபைபர் பலகைக்கு நடுவே இருக்கிற லேசான கட்டை வருடக்கணக்காக மழையைக் குடித்து ஊறிப்போயிருக்கிறது. நூற்று எழுபதும் அங்கே. அடியில் இருக்க வேண்டிய எடை தலையில். இது சாய்ந்தால் சாய்ந்த பக்கமே இழுக்கும்.

இன்ஜினியர் பாவம், அவருக்கே தெரியாது. நாங்கள் தட்டியதைக் கேட்டுக்கொண்டு நின்றார். "சாரிங்க" என்றார்.

பஸ் ஸ்டாப்பில் நூருடன் சண்டை. அவள்: "காய வெச்சு ஒட்டலாம்." நான்: மேல்தளத்தையே அறுக்க வேண்டும், ஒரு வருடம் ஆகும். அவள்: "மஞ்சள் வாங்கினா நாமளா எறக்க முடியாது. ஒவ்வொரு தபாவும் பாஸ்கர் வரணும். அவரு வருவாரா? சொல்லு."

அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் சொன்னது நியாயம். அதனால்தான் கோபம் வந்தது.

பிப். 12, புதன்

பௌர்ணமி. கடல் காற்றில் உப்பு அதிகம். நூர் போன் எடுக்கவில்லை, ஆனால் "நோன்பு ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிவு சொல்லு" என்று மெசேஜ். கோபம் தணிகிறது போல.

சாயங்காலம் பாஸ்கர் கேன் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டுவிட்டேன். மஞ்சள் படகு, பிக்கப், ஞாயிற்றுக்கிழமைகள்.

நெடுநேரம் கழுவிய கேனையே கழுவினார்.

"அன்னிக்கு ரோட்ல உன் செருப்பு ஒண்ணு கெடந்துது. எவனும் தொடல. நான்தான் எடுத்தேன். இன்னொரு தபா அப்டி எதையும் எடுக்க என்னால ஆவாது ஜெயா."

மூன்று வருடத்தில் இதைச் சொன்னதே இல்லை. ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அவரே: "கவுந்தா?"

"கவுறாது. அடியில கீற இரும்பு நிமித்திடும்."

"பேப்பர்ல எய்தினது எனக்கு வேணாம். கவுத்துக் காட்டு."

"காட்டுனா?"

"காட்டு, அப்பால பேசுவோம்."

நூருக்கு மெசேஜ் போட்டேன். உடனே போன். "அண்ணாச்சிகிட்ட நான் பேசுறேன்!"

பிப். 16, ஞாயிறு

தெளிவான வானம், காற்று குறைவு. கத்திவாக்கத்தில் மீனவர் சங்கத்தில் சொல்லிவிட்டுக் கழிமுகத்தில் இறக்கினோம். கடல் தண்ணீர் ஏறுகிற நேரம். பாஸ்கர் பின்னால் பார்த்து வண்டியை இறக்கிய விதம் பிரமாதம். தண்ணீரைப் பார்க்காமல் டிரெய்லரை மட்டும் பார்த்தார்.

உள்ளே இருந்ததை எல்லாம் வெளியே எடுத்தோம். கதவை இறுக்கினோம். கீலை முழுதாகக் கீழே விட்டோம். பாய்மர உச்சியில் நீளக் கயிறு, கயிற்றின் முனையில் மீன் ஏலக்காரர் தந்த தொங்கு தராசு. படித்துறையிலிருந்து நூரும் நானும், கூட நாலு பேரும் இழுத்தோம்.

வலை பிரித்துக்கொண்டிருந்த அம்மா: "இன்னாமே, நல்லாக் கீற படகை எதுக்குக் கவுக்குறீங்க?"

"நல்லாக் கீதான்னு பாக்கத்தான்" என்றாள் நூர்.

சாய்ந்தது. விளிம்பு தண்ணீரைத் தொட்டது. மரம் படுத்தது. உச்சி தண்ணீரில் நனைந்தபோது தராசில் முப்பது கிலோ கிட்ட; படுத்த பிறகும் நிமிர அவ்வளவு இழுக்கிறது. மஞ்சள் வயிறும் இரும்புக் கீலும் வெயிலில் அப்படியே தெரிந்தன.

"வுடு!"

விட்டோம். ஒரு நொடி யோசித்தது போல இருந்தது, பிறகு விசுக்கென்று எழுந்து நின்றது. இரண்டு ஆட்டம். அவ்வளவுதான். கரையில் விசில் சத்தம்.

பாஸ்கர் லைஃப் ஜாக்கெட்டைக் கையில் எடுத்தார். அவருக்கு நீச்சல் அரைகுறை. "நான் உள்ள குந்திக்கிறேன். இப்ப சாய்."

"வேணாம்யா."

"நீ குந்தப் போற எடம்தானே?"

ஏறி உட்கார்ந்தார், படகுக்குள் இருந்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி. மெதுவாக இழுத்தோம். விளிம்பு முங்கி அவர் முட்டி வரை தண்ணீர் ஏறியது. முகம் வெளுத்துவிட்டது. நூர்தான் "வுடு" சொன்னாள்.

எழுந்தது. அவரும் கூடவே எழுந்தார், உட்கார்ந்தபடியே. லுங்கி நனைந்து, தலை கலைந்து.



பாஸ்கர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இன்னொரு தபா சாய்" என்றார்.

பிப். 20, வியாழன்

அண்ணாச்சியிடம் பேசி முடித்தாயிற்று. நூரும் நானும் பாதிப் பாதி. கயிறு அவர் அன்பளிப்பு, வெள்ளை நைலான், ஒரு முழுச் சுருள். படகுக்குப் பேர் வைக்கவில்லை. நூர் சொன்ன பேர் எனக்குப் பிடிக்கவில்லை, நான் சொன்னது அவளுக்கு.

பாஸ்கர் டிரெய்லர் சக்கரத்துக்குத் தானே கிரீஸ் வைத்தார். பின்விளக்கு ஒயரும் மாற்றினார். கேட்டதற்கு, "போலீஸ் புடிப்பான்ல" என்றார்.

முழங்கால் வலி இல்லை. ஸ்கூலில் இன்ஸ்பெக்ஷன். ரெக்கார்டு எழுதணும்.

பிப். 23, ஞாயிறு

கிழக்குக் காற்று, மிதமாக. பாஸ்கர் இறக்கிவிட்டுவிட்டு ஞாயிறு லைனுக்கு எண்ணூர்ப் பக்கம் போனார். "போன ஆன்ல வெய்" என்று மட்டும்.

பாய் ஏற்றினோம். ஒரு பக்கம் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள், மறுபக்கம் இறால் பிடிக்கிறவர்களின் தலைகள். நூர் முன்பாய், சுக்கான் என் கையில். மூன்று வருடம். கை மறக்கவில்லை.

காற்று திடீரென்று கூடியது. படகு சாய்ந்தது. நூர் பழைய பழக்கத்தில் துள்ளி விளிம்புக்கு வெளியே தொங்கப் போனாள். காலை மாட்டிக்கொள்ள இந்தப் படகில் பட்டையே இல்லை. "அல்லா!" என்று உள்ளே வந்து விழுந்தாள். அதற்குள் படகு தானாக ஓர் அளவில் சாய்ந்து அங்கேயே நின்றுவிட்டது. நான் காலை நீட்டியபடி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. செய்ய வேண்டியிருக்கவில்லை.

இருவரும் சிரித்தோம். கொஞ்சம் அழுகையும். மின் நிலையச் சாம்பல் படிந்த மேடு வந்த இடத்தில் ஆழம் குறைந்தது. கீலை நாலு சுற்று தூக்கித் திரும்பினோம்.

போன் அடித்தது. பாஸ்கர். பின்னால் லாரி ஹாரன்.

"பாலத்து மேல நிக்கிறேன். மஞ்சளா ஒண்ணு சாஞ்சுகினு போவுது. நீதானா அது?"

"நான்தான்யா" என்றேன்.