குடும்பச் சூழ்நிலை காரணமாக

மே 18, திங்கள்
ஏழு மணிக்கே மாடியில் கால் வைக்க முடியவில்லை. வடாம் பாதியில் நிற்கிறது.

ஆசிரியர் குழுவில் செய்தி. தலைமை ஆசிரியர் பதவி உயர்வுக் கலந்தாய்வு வியாழன் காலை பத்து மணி, காஞ்சிபுரம். பட்டியலில் நான் 14. அதே வியாழன் மாலை ஆறரைக்குத்தான் செங்கல்பட்டில் எங்கள் கன்னியாகுமரி ரயில். வருடம் முழுக்க நாள் இருக்க, இவர்களுக்கு இந்த வியாழன்தான் கிடைத்தது.

அவரிடம் சொன்னேன். ஒரகடம் கம்பெனியில் நாலு நாள் லீவுக்கு எவ்வளவு கெஞ்சினார் என்று எனக்குத் தெரியும். தட்டைப் பார்த்துக்கொண்டே, "டிக்கெட்டு எடுத்து ரெண்டு மாசம் ஆவுது. கயலு பரிச்ச எழுதும்போதே பைய எடுத்து வெச்சிக்கினா. நீ இன்னா பண்ணப்போற?" என்றார்.

சாம்பாரில் உப்பு இல்லை. இருவருமே சொல்லவில்லை.

மே 19, செவ்வாய்
எடுக்க வேண்டியவை: கயல் எனக்கு வாங்கிய தொப்பி, புளிசாதம், வாந்தி மாத்திரை (அவருக்கு), பணிப்பதிவேடு நகல். கடைசியது கலந்தாய்வுக்கு. எல்லாம் ஒரே தாளில்.

நகல் தேடியபோது கோப்பில் மூன்று வருடத்துக்கு முந்தைய கடிதம். அப்போதும் பதவி உயர்வு வந்து, வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். கொடுத்தால் மூன்று வருடம் பட்டியலில் பெயர் வராது. கயல் அதை எடுத்து வாசித்தாள்.

"'குடும்பச் சூழ்நிலை காரணமாக...' இன்னாம்மா இது? அந்தச் சூழ்நெல நான்தானா?"

"எல்லாரும் அப்டித்தான்டி எழுதுவாங்க."

"நான் எப்போ போவாதன்னு சொன்னேன்? என்னைய ஒரு வார்த்த கேட்டியா நீ?"

பத்தாவது முடித்த பெண் கேட்கிறாள். கோபம்தான் வந்தது. "போய் துணிய மடி" என்று கத்திவிட்டேன்.

மே 20, புதன்
இங்கே எழுதலாம். அன்று குடும்பம் காரணமில்லை. பயம். கூட்டத்தில் அதிகாரி எழுப்பிக் கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சத்துணவு, ஒழுகும் கூரை, ஊர்க்காரர்கள் சண்டை, எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். ஏழாவது படித்த குழந்தையை முன்னால் நிறுத்தி ஒளிந்துகொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஆனால் கடலும் பொய்யில்லை. மூன்று பேருமாக எங்கேயும் போனதே இல்லை.

மறுபடி அதே மாதிரி ஒரு கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்தேன். காரணம் என்ற இடம் மட்டும் காலி. சீக்கிரம் என் எண் வந்துவிட்டால் இது தேவைப்படாது.

மே 21, வியாழன்
10.00. வந்தாயிற்று. சர்வர் வேலை செய்யவில்லையாம்.

1.15. எண் 3. புழுக்கம். மின்விசிறி பெயருக்குச் சுற்றுகிறது.

3.40. எண் 8. அவர் போன். "கெளம்பிட்டோம். உன் பையயும் எடுத்துக்கினோம். வந்துடுவ இல்ல?" வந்துவிடுவேன் என்றேன்.

4.45. எண் 11. இப்போது பஸ் ஏறினால்தான் ரயில். கடிதத்தை மேசையில் கொடுத்தேன். எழுத்தர் புரட்டிப் பார்த்தார்.

"காரணம் காலியா கீதே டீச்சர். குடும்பச் சூழ்நிலன்னு போட்டுடுங்க, அவ்ளோதான்."

பேனாவையும் அவரே நீட்டினார். 'கு' என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு நாற்காலிக்கு வந்துவிட்டேன்.

6.10. எண் 14. எங்கள் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இருந்த பள்ளிகளெல்லாம் போய்விட்டன. புள்ளலூர் பக்கம் ஒரு பள்ளி, இரண்டு பஸ் மாற வேண்டும். எடுத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

6.50. பஸ் ஸ்டாண்டு. ரயிலிலிருந்து கயல்.

"இன்னா ஸ்கூலும்மா கெடச்சுது?"

சொன்னேன். "எங்கம்மா எச்.எம். ஆயிட்டாங்க!" என்று பக்கத்து சீட்டில் யாரிடமோ சொல்வது கேட்டது. சிரிப்பு. மறுபடி போனுக்கு வந்தாள்.

"உன் சீட்டுல உன் பைய வெச்சிருக்கேன்மா. யாரயும் உக்கார வுடல."

உத்திரமேரூர் பஸ் வந்துவிட்டது.