இணைச்சீர் ஜாக்கெட்

6.1.97, திங்கள்

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு எடை மெஷினில் ஏறினேன். 74. சீட்டின் பின்பக்கம், 'உங்கள் தாராள குணத்தால் பிறர் பயன் பெறுவர்' என்று அச்சடித்திருக்கிறது. மெஷினுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. சீட்டை இந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டேன்.

டாக்டர் இன்று முடிவாகச் சொன்னார். என் ரத்தம் தம்பிக்குச் சேர்கிறது, கிட்னி சேர்கிறது, எடைதான் சேரவில்லை. 62க்கு வந்தால்தான் என்மேல் கத்தி வைப்பாராம். "மாசம் மூணு கிலோ குறைஞ்சாப் போதும்மா. கீரை, முட்டை, பருப்பு விடக்கூடாது. பட்டினி மட்டும் கிடக்காதீங்க." ஆபரேஷன் மே 8.

தமிழ்ச்செல்வன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முப்பத்திநாலு வயது. தாராபுரத்தில் சைக்கிள் கடையை மூடிவிட்டு, துடியலூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிவந்திருக்கிறான், பெண்டாட்டி மதிவதனியோடும் மகள் எழிலோடும். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக மூன்று ஓட்டை போட்டிருக்கிறான்.

விஷயத்தைச் சொன்னேன். "ஏனக்கா, நீ எளைச்சு, நான் எளைச்சு, மாமன் ஒருத்தரே ஊட்டுல எல்லாச் சோத்தையும் திங்கப்போறாரு" என்றான்.

சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. எனக்குப் பிள்ளை இல்லை. இவனைத்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன்.

27.1.97

71. பரவாயில்லை பொற்கொடி.

14.2.97, வெள்ளி

மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டு செவ்வாய், வெள்ளி ஒருபொழுது ஆரம்பித்தேன். ஒருபொழுது என்றால் ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும். நான் அதையும் தண்ணீரோடு முடித்துக்கொள்கிறேன். மற்ற நாளில் கொள்ளு ரசம், ஒரு தோசை.

என் உத்தியோகம் சத்துணவு அமைப்பாளர். நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்குச் சோறு வேக வைத்துப் போட்டுவிட்டு, முட்டை வாசம் மூக்கில் ஏற, கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன். ஆயா கேட்டாள், "டீச்சர் சாப்பிடலீங்களா?" வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

மூணு கிலோ போதும் என்றார் டாக்டர். அவருக்கென்ன. அவருடைய தம்பியா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்?

18.3.97

63½. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. தீட்டு பத்து நாளாக நிற்கவில்லை. டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஏதாவது பரிசோதனை எழுதித் தேதியைத் தள்ளிவிடுவார்.

வீட்டுக்காரர் மாசாணம் பேசாத மனிதர். இன்று அவரே வாயைத் திறந்தார். "போதும்மா, முகம் செத்துப்போச்சு." மோட்டார் கம்பெனியில் பம்பு கழற்றுகிற ஆளுக்கு என் முகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். பாவம், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

9.4.97, புதன்

60. 62ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன். நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் எடை கூடிவிட்டால்? மே 8 வரைக்கும் இப்படியே இருப்போம்.

பீரோவைக் காலி செய்தேன். சேலை எந்த உடம்புக்கும் பத்தும், ஜாக்கெட்தான் காட்டிக்கொடுக்கும். பத்தொன்பது ஜாக்கெட். ஒவ்வொன்றும் என்மேல் சாக்கு மாதிரி தொங்குகிறது. கண்ணாடியில் பார்த்து வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது, அதை மறைப்பானேன்.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவள் வந்தாள். ஜாக்கெட்டைக் கையால்கூடத் தொடவில்லை. "பட்டுச்சேல, பேண்டு இருந்தா எடுங்க அம்மணி. இத வெச்சு நாங்க என்ன பண்றதுங்க?" கீரைக்காரி ரங்கம்மாள் பக்கத்தில் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். என் பழைய உடம்பு அப்படியே அவளுக்கு. எல்லாவற்றையும் அவளிடமே கொடுத்துவிட்டேன். "திருப்பிக் கேக்கமாட்டீங்களே?" என்றாள். ஜென்மத்துக்கும் கேட்க மாட்டேன் என்றேன்.

ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. அரக்கு நிற இணைச்சீர் ஜாக்கெட். தமிழ்ச்செல்வன் கல்யாணத்தில், அக்காளை மறக்கமாட்டேன் என்பதற்குச் செய்கிற இணைச்சீருக்கு, அவன் எடுத்துக்கொடுத்த பட்டோடு வந்தது. ஆபரேஷன் முடிந்து அவன் வீடு திரும்புகிற நாளில் நான் அதைத்தான் உடுத்தப்போகிறேன்.

14.4.97, சித்திரை ஒன்று

டெய்லர் ராசாத்தாளிடம் அந்த ஜாக்கெட்டைக் கொடுத்தேன். பதினாலு வருஷத்தில் மூன்று முறை பிரித்து விட்ட ஜாக்கெட். பழைய தையல் ஓடிய இடமெல்லாம் கோடு கோடாக இருக்கிறது. ராசாத்தாள் அளவு எடுத்துவிட்டு டேப்பை மறுபடியும் பிடித்தாள், நம்பவில்லை.

"முதல் தையலுக்கும் உள்ள போகுதுங்களே. பிடிச்சுத் தாரேன், உள்ள துணி இருக்கட்டும்."

"வேண்டாம், வெட்டிப்போடு."

"மறுபடியும் உடம்பு வந்தா விடறதுக்கு வேணுமில்லீங்க?"

"வராது. வெட்டு."

இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிக் கையில் கொடுத்தாள். உள்ளே மடிந்திருந்த துணி நிறம் மங்கவேயில்லை. கடையில் எடுத்த அன்றைக்கு இருந்த அதே அரக்கு. சேலை மடிப்பில் வைத்திருக்கிறேன்.

26.4.97

58. மாடிப்படி ஏறினால் கண் இருட்டுகிறது.

29.4.97, செவ்வாய்

எழுதக் கை ஓடவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் ஏழு. டாக்டர் பேப்பரைப் பார்த்தார், என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு, "என்னம்மா சாப்பிட்டீங்க?" என்றார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒருபொழுது, தீட்டு, எல்லாம். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "உங்க உடம்புலயே ரத்தமில்லை. இந்த நிலைமையில உங்களை அறுக்க எனக்கு உரிமையில்லைம்மா" என்றார்.

ஜூன் கடைசிக்குத் தள்ளிவிட்டார். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதுவரை தம்பி தாங்குவானா என்று கேட்டேன். டயாலிசிஸ் இருக்கிறதே என்றார். தாங்குவான் என்று சொல்லவில்லை.

வெளியே மதிவதனி நின்றாள். என்னாச்சுங்க அண்ணி என்றாள். வாயில் வந்ததைச் சொன்னேன். "டாக்டரு வெளிநாடு போறாராம் மதி, ஜூன் கடைசியிலதான் வருவாராம்."

சொல்லிப்போட்டேன். ஏன் சொன்னேன்? ஒரு நிமிஷம் உண்மையைச் சொல்ல என்ன கேடு? நாலு மாசம் தின்னாமல் கிடந்தவளுக்கு அதற்குத் தெம்பில்லாமல் போய்விட்டதா?

2.5.97, வெள்ளி

விரதத்தை முடித்துக்கொண்டேன். சோறு தொண்டையில் இறங்கவில்லை. அடித்துத் திணித்தேன்.

7.5.97, புதன்

மதி நாலு நாளாகத் தினம் ஒரு கிண்ணம் கொண்டுவருகிறாள். ஆட்டு ஈரல் வறுவல், முருங்கைக்கீரைப் பொரியல், இன்றைக்கு எள்ளுருண்டை. எழிலுக்குச் செய்தது, மிச்சம் என்கிறாள். அந்தப் பிள்ளை ஈரலைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொள்ளும். தமிழ்ச்செல்வனுக்கு ஈரல் ஆகவே ஆகாது. இவர்கள் வீட்டில் யாருக்கு இந்த மிச்சம்? கேட்கவில்லை, தின்றுவிட்டேன்.

நாளைக்கு மே 8.

8.5.97

ஒன்றுமில்லை.

22.5.97

ரங்கம்மாள் என் பச்சை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கீரை விற்றுப்போனாள். நேற்று ஊதாப் பூப்போட்டது. ஒவ்வொரு நாளும் காலையில் என் பழைய உடம்பு கூடையைச் சுமந்துகொண்டு தெருவில் நடக்கிறது. நல்ல ரத்தமுள்ள உடம்பு. நல்லாத் தின்ற உடம்பு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார்கள், நான் அடித்துத் துரத்திவிட்டேன்.

ஹீமோகுளோபின் எட்டரை.

3.6.97, செவ்வாய்

தமிழ்ச்செல்வனுக்குக் காய்ச்சல். டயாலிசிஸ் ஊசி போடுகிற இடத்தில் சீழ் பிடித்து, அது ரத்தத்தில் ஏறிவிட்டது என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். என்னைப் பார்த்து, "கன்னத்துல கொஞ்சம் சதை வந்திருக்குதக்கா" என்றான். அதைச் சொல்லும்போது அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

5.6.97

பேச்சில்லை. கையை மட்டும் அசைக்கிறான்.

7.6.97, சனி

காலை ஒன்பதே காலுக்குப் போய்விட்டான்.

19.6.97

தாராபுரத்தில் எல்லாக் காரியமும் முடிந்து வந்தோம். வந்த ஜனம் பூராவும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே மாதிரி சொன்னது. "பொற்கொடியா இது? தம்பிக்காகப் பாதி உடம்பாக் கரைஞ்சு போச்சே. எந்த அக்கா செய்வா?" தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொள்ளக் கூசவில்லையா உனக்கு?

மதி மட்டும் எல்லோரிடமும் டாக்டரைச் சபித்தாள். "அந்த ஆளு வெளிநாடு போகாம இருந்திருந்தா என்ற ஊட்டுக்காரரு இருந்திருப்பாரு." அப்போதாவது சொல்லியிருக்கலாம். கூட்டம் இருந்தது என்பது ஒரு சாக்கு. கூட்டம் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

11.8.97

66. தின்கிறேன். நிறுத்த முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய சோற்றை வழித்துத் தின்கிறேன். ஆயா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

20.10.97, திங்கள்

ரங்கம்மாள் வாசலில் நின்று, "ஏனுங்க அம்மணி, மறுபடியும் உடம்பு வந்திருச்சாட்ட இருக்குது. ஜாக்கெட்டெல்லாம் வேணும்னா தந்தர்றனுங்க, ரெண்டுதான் கிழிஞ்சிருக்குது" என்றாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். நான் அவளைக் கண்டபடி பேசிவிட்டேன். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாளைக்கு வந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

21.10.97

வரவில்லை.

13.1.98, செவ்வாய்

பொங்கல் காப்புக்கட்டுக்கு வீடு ஒட்டடை அடித்தேன். இணைச்சீர் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. விடுவதற்கு உள்ளே துணியும் இல்லை. வெட்டிய இரண்டு துண்டும் அப்படியே சேலை மடிப்பில் இருந்தன. வெட்டின பிறகு ஒரு நாள்கூட உடுத்தவில்லை அதை. எந்த நாளுக்கென்று வைத்திருக்கிறேன்?

எடை 75. எடைச் சீட்டு ஒட்டுவதை நிறுத்திவிட்டேன்.

1.2.98, ஞாயிறு

எழில் பெரியவளாகிவிட்டாள். இன்றைக்குச் சீர். பதினாலு வயது, அவள் அப்பனைப் போல வாட்டசாட்டமான உடம்பு. அத்தை சீராக என்ன எடுப்பது என்று ஒரு வாரம் யோசித்து, கடைசியில் அந்த அரக்குப் பட்டையும் ஜாக்கெட்டையும் எடுத்துப்போனேன். அவள் அப்பன் எடுத்த பட்டு. அவளுக்குத்தான் சேர வேண்டும்.

உள் அறையில் வைத்து நான்தான் உடுத்திவிட்டேன். ஜாக்கெட் கச்சிதம். ஒரு இடத்தில்கூடச் சுருக்கமில்லை. "அத்தை, எனக்குன்னே அளவெடுத்துத் தெச்சாப்ல இருக்குதுங்க" என்றாள். ஆமா கண்ணு என்றேன். பெண்கள் வந்து அவளை மணையில் உட்கார வைக்கக் கூட்டிப்போனார்கள்.

மதி வெளியே வரக்கூடாதென்று அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். தன் மகள் சீரைக் கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவளும் மட்டும்.

"அண்ணி, உங்களுக்குத் தெச்ச ஜாக்கெட்டு. நீங்க அவருக்காக அத்தனை பாடுபட்டீங்க. அந்த டாக்டரு மட்டும்..." என்றாள்.

தாங்கவில்லை. "டாக்டரு எங்கயும் போகலை மதி" என்றேன். மீதியையும் சொன்னேன். ரத்தம் ஏழு என்றது, நான் தின்னாமல் கிடந்தது, பொய் சொன்னது. சொல்லி முடிக்கிறவரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியுமுங்க அண்ணி" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"டயாலிசிஸ் நர்சம்மா அந்த வாரமே அவருகிட்ட, அக்காவுக்கு ரத்தம் ஏறுச்சான்னு கேட்டுப்போட்டாங்க. ஊட்டுக்கு வந்து என்கிட்டச் சொன்னாரு. அக்காகிட்டக் கேட்டுப்போடாதே, அது தாங்காது. தினம் ஈரலும் கீரையும் செஞ்சு கொண்டுபோய்க் குடு, எழிலுக்குச் செஞ்சதுன்னு சொல்லு. ரெண்டு மாசத்துல ஏறிரும், அதுவரைக்கும் நான் இருந்துக்கறேன்னாரு."

"அப்புறம் ஏன் மதி டாக்டரைத் திட்டினே?"

"ஊருக்கு யாரையாச்சும் திட்டணுமல்லங்க. உங்களையா திட்டறது?"

வெளியே பந்தி ஆரம்பித்துவிட்டார்கள். மதி எழுந்துபோய்ப் பின்கட்டிலிருந்து ஒரு இலை வாங்கிவந்து, என் முன்னால் போட்டுச் சோறு வைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.