ஆறு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு

1957 ஆகஸ்ட் 12, திங்கள்

பள்ளிச் சீருடை பதினேழு தைக்கப் பாக்கி கிடக்கிறது. இந்த நேரம் பார்த்து எருமை ஏரோப்பிளேனை முட்டியதாம்! பத்து பெரண்டாம் விமானத் திடலில் மெக்கானிக்காக இருக்கும் தேவதாஸ் சைக்கிளில் வந்து நின்றான். ஏரோப்பிளேன் இறக்கை வெறும் துணிதானாம். இடது பக்கத்தைக் கொம்பு இரண்டு முழத்துக்குக் கிழித்துவிட்டதாம்.

"நம்ம காஜா பெராங்கில ஒங்கள மாதிரி கைத்தையல் யாருக்குக்கா வரும்? மாசக் கடைசில மெர்டேக்கா, சுதந்திர நாளு. அன்னிக்கு இது பறக்கணும்."

புகழ்ந்தால் நான் மடங்கிவிடுவேன் என்று இவனுக்கு எவன் சொன்னான்? சரி என்றுவிட்டேன்.

ஆகஸ்ட் 14

ஏரோப்பிளேன் கொட்டகையில் ஒரு கரும்பலகை. பைலட்டுகள் எழுதிவைத்த சட்டங்களாம். சிரித்த சிரிப்பில் ஊசியைத் தவறவிட்டேன்.

"மேகத்துக்குள் நுழையாதே. ஓஃபீர் மலை அங்கேதான் ஒளிந்திருக்கும்."

"இறங்கும்போது எருமை நின்றால் நீ இன்னொரு சுற்றுப் போ. எருமை போகாது."

"கருவியின் முள் ஒன்று சொல்லி வயிறு ஒன்று சொன்னால் முள்ளை நம்பு. வயிற்றில் இருப்பது காலையில் தின்ற நாசி லெமாக் சோறு."

கடைசிச் சட்டத்தின்மேல் தேவதாஸ் தன் சட்டையை மாட்டியிருந்தான்.

"ஆறு அங்குலத்துக்கு ஒரு முடிச்சுக்கா. ஒரு எடத்துல நூல் அறுந்தாலும் மிச்சம் பிரியாது" என்றான். என்னிடமே தையல் பாடமா? நடுவில் முடிச்சு போட்டால் துருத்திக்கொண்டு அசிங்கமாக இருக்கும். இரண்டு முனையில் மட்டும் போட்டேன். வழவழவென்று வந்தது. தேவதாஸ் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, "பிரமாதம்" என்றான். மேலே ஒட்டுத்துணி வைத்துச் சாயமும் பூசிவிட்டான். அந்த நெடி இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மறந்துவைத்த கத்தரிக்கோலை எடுக்கப் போனேன். இன்றைக்குச் சட்டை தேவதாஸ் உடம்பில் இருந்தது. பலகையின் கடைசி வரி பளிச்சென்று தெரிந்தது: "பழுது பார்த்த கை முதலில் ஏறும்."

மாணிக்கவாசகம் வாத்தியார் வாரநாளில் கணக்குப் பாடம், ஞாயிற்றுக்கிழமை பைலட். "அடுத்த ஞாயிறு பசியாறாம வாங்கம்மா. சட்டம்னா சட்டம்" என்றார்.

நான் தேவதாஸைப் பார்த்தேன். அவன் எருமையைப் பார்த்தான். ஆறு வருடமாக மெக்கானிக், ஏறுவதற்குப் பயமாம்! போன தடவை சக்கரத்துக்குக் காற்றடித்த முகைதீனை ஏற்றிவிட்டானாம். இந்தத் தடவை நான். பாவி!

வீட்டில் இவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "நீ தச்ச சட்டையே என் கழுத்த நெரிக்குது. எறக்கைக்கு என்ன கதியோ?"

ஆகஸ்ட் 19

முடிச்சு. நடுவில் ஐந்து போட்டிருக்கவேண்டும். ஒன்றுகூடப் போடவில்லை.

ஆகஸ்ட் 20

ரசத்தில் உப்புப் போட்டேனா, இல்லையா? நினைப்பு பூராவும் இறக்கையில். வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டால் நான் தப்பிப்பேன். வாத்தியார்?

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஐந்து நாள் சும்மாதானே இருந்தேன் - நான் ஏறவேண்டும் என்றதும்தான் உறைத்தது. எனக்கு மட்டும்தான் உயிர் வெல்லமா?

ஆகஸ்ட் 21

போய்ச் சொல்லிவிட்டேன். நடுவில் முடிச்சே இல்லை என்று வாத்தியாரிடமே சொன்னேன். வாத்தியார் கத்துவார் என்று பார்த்தேன். அவர் சாக்கட்டியை எடுத்துக் கடைசிச் சட்டத்துக்கு அடிக்கோடு போட்டார்.

"இத தமாசுக்கு எழுதினோம்னு நெனச்சீங்களா? ஏறணும்னு தெரிஞ்சாத்தான் வாய் தொறக்கும்."

தேவதாஸ் முகம் செத்துப்போயிற்று. "நானும் பாக்கலையேக்கா" என்றான். ஒட்டுத்துணியைப் பிரித்தோம். முதலிலிருந்து தைத்தேன். இந்தத் தடவை அவன் ஒவ்வொரு முடிச்சையும் விரல் வைத்து எண்ணினான். அசிங்கமாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஏறினேன். கத்தினேன். முருகனைக் கூப்பிட்டேன், மாரியாத்தாளைக் கூப்பிட்டேன், இவரைக்கூடக் கூப்பிட்டேன். அப்புறம் கீழே காஜா பெராங் தெரிந்தது. எங்கள் வீட்டுக் கொடியில் நான் துவைத்துப் போட்ட வெள்ளைச் சீருடைகள்! சிரிப்பு தாங்கவில்லை.

இறங்கியதும் வாத்தியார், "இன்னொரு சுற்று போலாமா?" என்றார்.

"மொதல்ல தேவதாஸ். பாக்காம பிரமாதம்னு சொன்ன கையும் ஏறணும்" என்றேன்.

ஏற்றிவிட்டோம். அவன் போட்ட சத்தம் புக்கிட் காதில் ஊர்வரை கேட்டிருக்கும்.

ஆகஸ்ட் 31

மெர்டேக்கா! பாடாங் திடலில் மூச்சுவிட இடமில்லை. வாலில் கொடி கட்டி நம் ஏரோப்பிளேன் வந்தது. "என் சம்சாரம் தச்ச எறக்கை!" என்று இவர் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது கடல் பக்கம் திரும்பி மறையும்வரை நான் இடது இறக்கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அழுகை வேறு வந்துவிட்டது.

செப்டம்பர் 9

சாரதாம்பாள், நான் தைத்துக் கொடுத்த புது ரவிக்கையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தாள்.

"உள்ள என்னடி பூங்காவனம், இத்தன முடிச்சு? முதுகெல்லாம் குத்துது!"

"குத்தட்டும். பிரியாது" என்றேன்.